நடுநிலைக்குக் காத்திருந்த கனகலிங்கம்

சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் கனகலிங்கம் செய்தி பார்ப்பார். "வாய் ஆயிரம் சொல்லும். காலைப் பாருங்கோ" என்பார். கூட்டம் முடிந்து வரும் அரசியல்வாதி நிதானமாக நடக்கிறாரா, வாகனத்துக்குள் பாய்ந்து ஏறுகிறாரா என்பதில்தான் அவருக்குக் கண். சமாதானம் வருகிறது, வருகிறது என்று வானொலி சொல்லச் சொல்லக் குண்டு விழுந்த ஊர்க்காரர். வேறு எப்படிப் பார்ப்பார்?

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், உறைந்த பீட்சா அடுக்கும் குளிர்க் கிடங்கில் வேலை. கோடையிலும் இரண்டு காலுறை. வீடு தேடிய நாளில் வீட்டுக்காரி பல்கனியைக் காட்டிக்கொண்டு நிற்க, இவர் 'கெல்லர்' என்கிற நிலவறைக்கு இறங்கி, குண்டு தாங்குமா என்று சுவரைக் குத்திப் பார்த்தாராம். "இந்த மனுசன் வாடகைக்கு எடுத்தது கெல்லரைத்தான். மேல இருக்கிறது சும்மா கிடைச்சது" என்று மனைவி சுகன்யாதேவி இன்றைக்கும் சிரிப்பார்.

இந்த வாரம் அவரும் சிரிக்கவில்லை. ஒரே மகள் ஆதிரை பவளப்பாறை ஆராய்ச்சிக்காகத் திருகோணமலையில் நிற்கிறாள். எங்கோ நடக்கும் போரில் ஒரு தரப்பு, தன் போர்க்கப்பல்களை அந்தத் துறைமுகத்துக்குள் விடச் சொல்லிக் கேட்கிறது. விடுவதா, நடுநிலையாக இருப்பதா என்று கொழும்பில் ஜனாதிபதி எல்லாக் கட்சி எம்.பி.க்களையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கப்பல் வந்தால் பின்னாலேயே மற்றவனின் ஏவுகணையும் வரும். கனகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு அழைப்பெடுத்தார்.

"பிள்ளை, குண்டு விழுந்தா ஒளிய அங்க பங்கர் இருக்கோ?"

"அப்பா, இது ஹோட்டல். நீச்சல்குளம்தான் இருக்கு."

"வெளிக்கிட்டு வாவன்."

"ஏலாது அப்பா. வேலை பாதியில நிக்குது."

திரையில் எம்.பி.க்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவர் வேகமாக நடந்தார். கனகலிங்கம் நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்தார். இன்னொருவர் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஞாயிறு பின்னேரம் முடிவு வந்தது. சுகன்யாதேவி ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினார். "நடுநிலையாமப்பா! ஒரு கப்பலும் வராதாம்!" கையோடு மகளுக்கு அழைப்பெடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"ஓம் பிள்ளை, ஓம்..." என்று கனகலிங்கம் மேசைக்குக் கிட்டப் போனார். பயம் போய்விட்டது என்றுதான் அவரும் நினைத்தார்.

அப்போது கைப்பேசிக்குள் 'டமார்' என்றது.

"கோயில் திருவிழா அப்பா, வெடி கொளுத்துகினம்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள், கனகலிங்கம் இரண்டு உள்ளங்கைகளாலும் கைப்பேசியை மூடி, அதன்மேல் குனிந்து படுத்திருந்தார்.