பானையடி மணலில் இருந்த ஒயின்

பூந்தமல்லி அத்தை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். விருந்துக்கு ஒயின் கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை போட்டது நான். எட்டாவதோடு பள்ளியை விட்ட பிறகு தனியாகச் செய்த முதல் காரியம். இருபத்தொரு நாள் ஊற வேண்டிய திராட்சையை ஒன்பதாம் நாளே வடிகட்டிவிட்டேன். அம்மாவுக்கு ஊறுகாய் போட ஜாடி தேவைப்பட்டது. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை சேர்க்கவும் மறந்துவிட்டேன். வெளிறிய சிவப்பு, நல்ல புளிப்பு. எல்லோர் முன்னாலும் தலைகுனிவுதான் என்று நினைத்தேன்.

வீட்டில் மற்றவர்கள் சனிக்கிழமையே போய்விட்டார்கள். பாட்டிலில் மண்டி அடியில் படியட்டும் என்று ஒரு நாள் தங்கி, நான் மட்டும் ஞாயிறு காலை ஆவடியில் 8.10 பஸ் ஏறினேன். பத்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் முப்பத்தைந்து பைசா.

"இன்னா பாப்பா, பாட்டில கொயந்தையாட்டம் மடியில வச்சினுகீறே?" என்றார் கண்டக்டர்.

"மருந்துண்ணே."

"எம்மாம் பெரிய பாட்டிலு. ஊருக்கேவா?"

பஸ்ஸே சிரித்தது. பருத்திப்பட்டு ஏரி தாண்டும்வரை நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

8.50க்கு இறங்கினேன். அத்தை போட்ட ஒயின் மேஜையில் கன்னங்கரேலென்று இருந்தது. என்னுடையதைப் பின்கட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் புதைத்துவிட்டு, "சரியா வரல அத்தை" என்றேன்.

பகல் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். "பாகாட்டம் கீதும்மா. கறியோட எறங்கல."

முகம் வாடித் தண்ணீர் எடுக்கப் போன அத்தை, என் பாட்டிலோடு திரும்பினார். நான் தடுப்பதற்குள் ஊற்றியும் விட்டார். மாப்பிள்ளையின் அப்பா குடித்தார், ஒரு துண்டு கறி தின்றார், மறுபடி குடித்தார்.

"இது யாரு போட்டது?"

"கதவுக்குப் பின்னால ஒளிஞ்சினுகீது பாருங்க, அதான்" என்று என்னைக் காட்டினார் அத்தை.

"இத்த குடிச்சா இன்னும் ரெண்டு துண்டு கறி கேக்குதும்மா. கண்ணாலத்துக்கும் நீயே போடு."

பிறகு நானும் ஒரு வாய் குடித்தேன். கண்ணாடி டம்ளர் வழியாக என் விரல் தெரிந்தது. திராட்சைத் தோலின் வாசனை. நாவல்பழம் தின்றதுபோல நாக்கில் லேசான துவர்ப்பு, பிறகு வாய் சுத்தமாகிவிட்டது. வீட்டில் வெதுவெதுப்பாகக் குடித்தபோது வெறும் புளிப்பாக இருந்தது இதேதான்.

லேசான ஒயினோடு பயணம் போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள்; வெயில் ஆகாது. மூடியை இறுக்கமாகத் திருகாதீர்கள்; உள்ளே வாயு சேரும். ஊற்றும் முன் இரண்டு மணி நேரமாவது ஈர மணலில் வையுங்கள். கருக்கிய சர்க்கரை வேண்டாம்.

மாலை 5.20 பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னா பாப்பா, மருந்து காலியா?"

"மருந்து இல்லண்ணே, ஒயினு. நான் போட்டது" என்றேன், பின்சீட்டுக்கும் கேட்கும்படி.