செலினியம் எங்கே என்று கேட்டவள்

இசக்கியம்மாள் இறந்த செய்தி ஆய்வகத்தின் வாட்ஸாப் குழுவில் வந்தது. நான் தில்லி மயூர் விஹாரில் மெட்ரோ ஏறிக்கொண்டிருந்தேன். ‘நம் இஷா இன்று காலை டெங்குவில் காலமானார்’ என்று ஒரு வரி, அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பதைக்கூடச் சரியாகத் தாண்டாதவளை ஒரு கொசு கொன்றிருக்கிறது. அதைச் சொல்லும்போதாவது அவள் பெயரை ஒழுங்காக எழுதக் கூடாதா?

அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும், இஷா என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். பிறந்து வளர்ந்தது கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் அவள் அப்பா கொண்டுவந்த திருநெல்வேலி அப்படியே வரும், நடுநடுவே இந்தியோடு. நாங்கள் இருவரும் ஆய்வகத்தில் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் வாரமே என்னை ‘ஏலே’ என்றாள். நான் திருச்சிக்காரன், முறைத்தேன். “அச்சா, கோவம் வருதோ? அப்ப நீயும் ஏட்டின்னு கூப்பிட்டுக்கோ, சரியாப் போச்சு” என்றாள்.

எங்கள் வேலை செலினோசிஸ்டைன். புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் அபூர்வமானது. வழக்கமான இருபதுக்கும் மரபுக் குறியீட்டில் தனி இடம் உண்டு, இதற்கு இல்லை. ‘புரதம் முடிந்தது, நிறுத்து’ என்று செல் படிக்கும் அதே குறியில்தான் இது வந்து உட்கார வேண்டும். ஆர்.என்.ஏ. ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருந்தால் மட்டும் செல் அங்கே நிற்காமல், செலினோசிஸ்டைனை வைத்துவிட்டு மேலே போகும். மனித நொதி ஒன்றை பாக்டீரியாவுக்குள் அப்படிச் செய்யவைக்கத்தான் நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

பெரும்பாலும் பாக்டீரியா நின்றுவிடும், பாதிப் புரதம்தான் மிஞ்சும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. செலினியத்தை விட்டுத் தொலை, அந்த இடத்தில் கந்தகம் உள்ள சிஸ்டைனைப் போடுவோம், நொதி மந்தமானாலும் புரதமாவது கிடைக்கும், பலரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஜல்தி முடிக்கணும்னா வேற வேல பாருலே. நிப்பாட்டுன்னு எழுதியிருக்க எடத்துல நிக்காமப் போறதுதான் இதுல விசேஷமே. அத எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?”

பாக்டீரியாவுக்கு செலினியம் உப்பு கொடுத்தால் குடுவையிலிருந்து அழுகிய பூண்டு நாற்றம் வரும். துணியிலும் முடியிலும் ஏறிக்கொள்ளும். ஒருமுறை மெட்ரோவில் பக்கத்திலிருந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊறுகாய் ஏதும் கொட்டிவிட்டதா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் ஆன்ட்டி, பத்து லிட்டர் என்று இசக்கி முகம் மாறாமல் சொன்னாள். அவர் எழுந்து போனதும் காலியான இடத்தைத் தட்டிக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

இந்தக் கோடையில் ஒருவழியாக முழுநீளப் புரதம் கிடைத்தது. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில், வரவேண்டிய இடத்தில் தடித்த பட்டை. நொதி ஓரளவு வேலையும் செய்தது. எங்கள் ஆய்வகத் தலைவர் லட்டு வாங்கிவரச் சொன்னார். இசக்கி லட்டைத் தொடவில்லை. “செலினியம் எங்கலே?” என்று என்னிடம் கேட்டாள்.

கேள்வி நியாயமானது. எங்கள் முறையில், அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. முதலில் செரின் என்ற வேறோர் அமினோ அமிலத்தைத்தான் ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகுதான் அது செலினோசிஸ்டைனாக மாற்றப்படும். மாற்றம் முடியும் முன்பே இறக்கிவிட்டால் புரதத்தில் செரின் உட்கார்ந்துவிடும். ஜெல்லில் இரண்டும் ஒரே பட்டையாகத் தெரியும், மூலக்கூறின் எடையைப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அவள் பார்த்தாள். பெரும்பகுதி செரின். செலினியம் கொஞ்சம்தான்.

ஆய்விதழுக்குக் கட்டுரையை இப்படியே அனுப்பக் கூடாது, அனுப்பினால் அதில் தன் பெயர் இருக்கக் கூடாது என்றாள். அந்தக் கொஞ்சம் போதாதா என்றார் தலைவர். கொஞ்சம் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று இந்தியில் பதில் சொன்னாள். அவர் எழுதவில்லை. அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் ஓர் அறிவிப்பு செய்தார். அந்தக் கட்டுரை இருக்கிறபடியே போகும், அவள் நினைவாக அவள் பெயர்தான் முதலில் வரும். எல்லோரும் உருக்கமாகத் தலையசைத்தார்கள். நான் எழுந்து, செலினியம் எங்கே என்று கேட்டேன். பக்கத்திலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உயிரோடு இருந்தபோது மாட்டேன் என்றவளிடம் செத்தபிறகு சம்மதம் வாங்க முடியாது என்றேன். தலைவர் கையில் நல்ல ஆயுதம் இருந்தது. பெற்ற மகளின் பெயர் அச்சில் வருவதை அவள் அப்பா பார்க்க வேண்டாமா, வேண்டாம் என்று அவரிடம் நீயே போய்ச் சொல் என்றார்.

போய்ச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். மகள் பெயரை அச்சில் பார்க்க ஆசைதான் என்றார். அதை அவர் மறைக்கவில்லை.

“வேண்டாம்னு அவளே சொன்னாளா?”

“சொன்னா அங்கிள்.”

“பின்ன என்ன தம்பி? என் பேச்சையே கேக்காதவ, அவுஹ பேச்சையா கேக்கப்போறா? பேர எடுக்கச் சொல்லுங்க. அவ சொன்ன மாதிரி வந்தா அப்பம் போடுங்க.”

அதை வார்த்தை மாறாமல் தலைவரிடம் சொன்னேன். அவள் வேலையை அவள் பெயரில்லாமல் அனுப்ப அவருக்கும் துணிவில்லை, கட்டுரை நின்றது. அப்படியானால் நீயே செய்து காட்டு என்றார், தண்டனை கொடுப்பதுபோல. சரி என்றேன்.

அவளுடைய படம் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்வியும் அவள் பாதியில் விட்ட குடுவைகளும்தான். நேற்று செலினியம் உப்பு கொடுத்துப் புதிய பாக்டீரியா வளர்ப்பு போட்டேன். மாலை மெட்ரோவில் பக்கத்திலிருந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனார். காலியான இடத்தில் என் பையை வைத்தேன். நல்ல கூட்டம். நகர்த்தச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். மயூர் விஹார் வரும்வரை நகர்த்தவில்லை.