எதிர்வீட்டுத் துடக்கு

மல்வேர்னில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருந்த கட்டடத்தின் ஏழாம் மாடியில், எங்கள் எதிர்வீட்டில், எல் சல்வடோரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. எண்பத்தேழாம் ஆண்டு. அந்த வீட்டு அன்ரியிடமும் அம்மாவிடமும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் இருபது சொல் தேறாது. ஆனாலும் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருவரும் கைகளாலேயே கதைத்துச் சிரிப்பார்கள்.

அன்ரிக்குப் பிள்ளை பிறந்ததும் அம்மா அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. "துடக்குக் கழியட்டும். முப்பத்தொண்டு முடிய வடிவாப் போய்ப் பாப்பம்," என்றார். பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டென்று முப்பத்தொரு நாள் போகாமலிருப்பது ஊர் வழக்கம். கோயில் வாசலே மிதிக்காத அப்பா அதில் அம்மாவைவிடக் கறார். மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தும் வீட்டை எங்கள் துடக்கு எப்படிப் பிடித்தது என்று எவரும் கேட்கவில்லை.

அன்ரியின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை அவள் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். தாய் கட்டிலை விட்டு எழும்புவதில்லை, சாப்பிடுவதில்லை, பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு எங்கள்மேல் என்ன கோபம் என்றும் கேட்டாள்.

அம்மா மிளகு, மல்லி அரைத்த சரக்குத்தூளை எடுத்து, பிள்ளைப்பெற்றவர்களுக்குக் கொடுக்கும் கோழிக்கறியைக் காய்ச்சினார்.

"இன்னும் பத்து நாள் கிடக்கல்லோ?" என்றார் அப்பா.

"கிடக்கட்டும். வந்து முழுகுறன். நீங்கள் தம்பியைப் பாருங்கோ."

நான் சட்டியுடன் பின்னால் போனேன். அன்ரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். சோற்றைக் குழைத்து அன்ரிக்கு ஊட்டினார். மூன்றாம் வாயிலேயே அன்ரி அழத் தொடங்கினார். அம்மாவும் கூட அழுதார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் போனார். பனி கொட்டத் தொடங்கியபோது அன்ரி உடுப்புக்கூடையுடன் மறுபடி கீழே இறங்கினார்.

சொந்தமா, பந்தமா, அம்மா ஏன் இப்படி அழுகிறார் என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு தம்பி பிறந்தபோது அம்மாவும் ஒரு மாதம் எழும்பாமல் கிடந்தார். எங்களுக்குத் தெரிந்த நாலு தமிழ்க் குடும்பங்களும் துடக்குக் கழியட்டும் என்று மரியாதையாக விலகியிருந்தன. நானோ, அம்மா சோம்பலில் பஞ்சிப்பட்டுக் கிடக்கிறார் என்று அப்பாவிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தேன்.