சர்க்கார் வைக்காத மொய்

கடன் கேட்டுப் போகிறவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதுதான் உலக வழக்கம். யுத்த காலத்தில் நாங்கள் மட்டும் டவாலி போட்ட பியூனை முன்னால் நடக்கவிட்டு, நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து கடன் கேட்டோம். நான் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா. யுத்தச் செலவு கை மீறிப் போகவே, ஜனங்களிடம் கடன் வாங்கிப் பத்திரம் கொடுக்கும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. மேலே இருந்து வரும் உத்தரவுக்கும் கீழே இருக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்று விழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பந்தலும் பேச்சும்

ஓமலூருக்கு மேற்கே ஒரு சிற்றூர். தாசில்தார் வருகிறார் என்று கீற்றுப் பந்தல், மேளம், மாலை, காபி, பலகாரம். செலவு ஊர் மணியக்காரர் தலையில் விழுந்தது. அவர் அதை ஊரார் தலையில் இறக்கிவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நாங்களும் ஒரு பிடி பிடித்தோம்.

வயிறு நிறைந்த பிறகு தாசில்தார் எழுந்து, குடும்பத்தில் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடித்ததைச் சர்க்காருக்குக் கொடுங்கள் என்று பேசினார். ஓரத்தில் நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், என் காதில் விழும்படியாகவே கேட்டாள்: "ஏனுங்க்கா, கடன் கேக்க வாரவங்க மேளம் கொட்டிக்கிட்டா வருவாங்க?"

மூன்று பானைகள்

அந்த ஊரில் நாச்சிமுத்து என்றொரு குடியானவர். நிலக்கடலை விற்ற பணத்தை மூன்று பானைகளில் பிரித்து வைப்பார். ஒன்று விதைக்கு, ஒன்று நிலவரிக் கிஸ்திக்கு, ஒன்று மகள் கல்யாணத்துக்கு. மழை பொய்த்த வருஷம் வீட்டில் ராத்திரிக் கஞ்சியை நிறுத்துவாரே தவிர, ஒரு பானைப் பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கமாட்டார்.

மணியக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "சர்க்கார் ஊட்டுல விசேசம்னு வெச்சுக்கப்பா. இப்ப நீ மொய் வெக்கறே, உன்ற புள்ள கண்ணாலத்துக்கு அவிங்க சேத்து வெப்பாங்க" என்றார். மொய் என்றதும் நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. வாங்கிய மொய்யைத் திருப்பி வைக்காதவன் எங்கள் பக்கத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? கல்யாணப் பானையிலிருந்த நூறு ரூபாயும் மேசைக்கு வந்தது. பத்திரம் முதிர வருஷக்கணக்காகும் என்று நான் சொன்னதற்கும், "ஆகட்டுமுங்க" என்றுதான் தலையை ஆட்டினார்.

கைநாட்டு வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "நமக்குப் பத்தலீன்னா கஞ்சியக் கொறைக்கறமுங்க சாமி. சர்க்காரு எதைக் கொறைக்குமுங்க?"

வெற்றிலை பாக்கு

அடுத்த தை மாதம் நாச்சிமுத்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கச்சேரிக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சர்க்காரை அழைக்க வந்திருந்தார். பியூன்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போய், அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தாசில்தாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். பத்திரம் முதிராமல் ஒரு பைசா பெயராது என்று தலை தூக்காமலே சொல்லிவிட்டார்.

அதை வெளியே வந்து நாச்சிமுத்துவிடம் எந்த முகத்தோடு சொன்னேனோ, எனக்கே தெரியாது. அவர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவருக்குச் சர்க்கார் மேல் இரக்கம்தான் வந்தது. தாம்பாளத்தை என் மேசையில் வைத்துக் கும்பிட்டார்: "அவிங்க ஊட்டுல இன்னும் செலவு தீரலையாட்ட இருக்குதுங்க. மொய் கெடக்குது, ஆளாச்சும் வந்து சோறு தின்னுட்டுப் போகச் சொல்லுங்க சாமி."

பந்தியும் மொய்யும்

அழைத்த வீட்டுக்குச் சர்க்கார் தரப்பில் போன ஒரே ஆள் நான்தான். உழவு மாடு இரண்டையும் விற்றுக் கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தால் எதிரே வெறும் மாட்டுக் கொட்டகை.

மொய் எழுதும் இடத்தில் ஐந்து ரூபாய் வைத்தேன். யார் பேருக்கு என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் நாச்சிமுத்து முகம் மலர ஓடிவந்தார்: "சர்க்காருன்னு எழுதுங்க. அவிங்க அடுத்த விசேசத்துக்கு நான் திருப்பி வெக்கோணுமில்லீங்க!"

ஆக, சர்க்காருக்கு நூறு ரூபாய் கடன் கொடுத்த நாச்சிமுத்து, அன்று முதல் சர்க்காருக்கு ஐந்து ரூபாய் கடன்காரரும் ஆனார்.