ஒரே பெயரில் இரண்டு கணினிகள்

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் நாங்கள் மாட்டிய கணினி சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று குறித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் என்றால் நானும், பாலிடெக்னிக்கில் கூடப் படித்த நண்பனும். போடியில் ஒரு மாடி அறையில் சேர்ந்து தொழில் செய்தோம்.

மலையில் கரண்டு போய்ப் போய் வரும். ஒரு மழைக்காலத்தில் மெமரி கார்டு கெட்டு, ஒரு பருவத்துக் குறிப்புகள் முழுக்க அழிந்தன. பேக்கப் இல்லாமல் இனி ஒரு கணினியும் மாட்டக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவன் அவன்தான். இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட நெட்வொர்க் ஸ்டோரேஜ் ஒன்றை வாங்கி அறையில் வைத்தோம். தோட்டத்துக் கணினி அன்றாடக் குறிப்புகளைச் சிம் வழியாக அதற்கு அனுப்பும். மாதம் ஒருமுறை நான் மேலே போய், கார்டை முழு நகல் எடுத்துவந்து சேர்ப்பேன். அந்த நகலை எந்தக் கார்டில் ஏற்றினாலும், அதே பெயரில் அதே வேலையைச் செய்யும் இன்னொரு கணினி கிடைத்துவிடும். பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

போன வருடம் கார்டு மறுபடி கெட்டது. இம்முறை நான் பதறவில்லை. புதுக் கார்டில் நகலை ஏற்றி, ஸ்டோரேஜிலிருந்து குறிப்புகளையும் மீட்டேன். அதே சமயம் ஒரு லோடு காய் பச்சை மங்கிப்போனதென்று வியாபாரி திருப்பி அனுப்பியிருந்தார். சூடு மிஞ்சினால்தான் பச்சை மங்கும் என்று தோட்ட முதலாளி குறிப்புகளைக் கேட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அந்த லோடு உலர்ந்த வாரத்தில் மூன்று நாள் சூடு எல்லை மீறியிருந்தது. ஸ்டோரில் அடுப்பு பார்க்கும் ராசிங்காபுரத்து அண்ணனைக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார் முதலாளி.

அண்ணன் காகிதத்தை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் கேட்டார்.

"தம்பி, இந்த மூணு நாளும் மழை. காயே எடுக்கல. ஸ்டோரு பூட்டித்தான் கெடந்துச்சு. அடுப்பே பத்தவைக்காம இது எங்கேருந்து வந்த சூடு?"

காய் எடுத்த கணக்கு நோட்டும் அதையே சொன்னது. ஒருநாள் பொறுக்கும்படி முதலாளியைக் கேட்டுக்கொண்டு போடிக்கு இறங்கினேன்.

ஸ்டோரேஜில் யார் யார் எழுதினார்கள் என்ற பதிவைத் திறந்தேன். ஒரே கணினிப் பெயர், இரண்டு சிம். நான்கு மாதமாக இரண்டும் ஒரே ஃபோல்டரில் எழுதியிருந்தன. பிந்தி வந்தது முந்தி வந்ததை அழித்திருந்தது. வெளியாள் எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்து, நண்பனுக்குத்தான் முதலில் போன் செய்து எச்சரித்தேன். அவன் நேரில் வருவதாகச் சொன்னான்.

வந்து உட்கார்ந்து, தானே சொன்னான். நான் எடுத்துவைத்த நகலை வேறு கார்டில் ஏற்றி, எதிர்ச் சரிவில் இன்னொரு தோட்டத்து ஸ்டோரில் தனியாக மாட்டியிருக்கிறான்.

"ஒங்கிட்ட கேட்டா ஒத்துக்கிட மாட்ட மாப்ளே. தனியா ஒண்ணு செஞ்சு பாப்பமேன்னுதான். பேரை மாத்த மறந்துட்டேன்."

மறந்ததற்குத்தான் வருத்தப்பட்டான். அடுப்பு பார்க்கும் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். விஷயம் முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டான். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிபனைப் பிரித்துத் தின்றவனின் முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஜீப்பில் ஏறிப்போய், அண்ணனை வைத்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னேன்: அந்தச் சூடு இந்த ஸ்டோருடையது அல்ல, தப்பு எங்கள் பக்கம். அண்ணனுக்கு வேலை நிலைத்தது. எங்கள் கணினியை அன்றே கழற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. காய் ஏன் மங்கியது என்பது கடைசிவரை தெரியவில்லை. உண்மையான குறிப்புகள்தான் அழிந்துவிட்டனவே.

தொழிலைப் பிரித்துக்கொண்டோம். ஸ்டோரேஜ் என்னிடம் தங்கியது, பாஸ்வேர்டை மாற்றினேன். சில வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு மெசேஜ். அவனுடைய கார்டும் கெட்டுவிட்டதாம், பழைய குறிப்புகள் என்னிடம் இருக்குமா என்று கேட்டிருந்தான். இருந்தன. அந்த ஸ்டோரிலும் யாரோ ஒருவர் அடுப்பு பார்ப்பார் அல்லவா. அவன் சிம்மிலிருந்து வந்தவற்றைப் பிரித்தெடுத்துப் பென்டிரைவில் போட்டு, அவன் வழக்கமாக வரும் டீக்கடையில் கொடுத்துவிட்டு, அவன் வருமுன் கிளம்பிவிட்டேன்.