மஷ்கியா ஜன்னலில் நின்றார்

இருபது வருடமாகச் சமைக்கிற எனக்கு அடுப்புப் பற்றவைக்க மட்டும் அனுமதியில்லை. நான் குடியிருக்கிற வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போய் வேலை செய்கிற யூத முதியோர் இல்லத்தில், அவர்களுடைய மத உணவுச் சட்டம் அது. காய் வெட்டலாம், உப்புப் போடலாம், துழாவலாம். நெருப்பை ஒரு யூதர்தான் மூட்ட வேண்டும்.

அதற்கென்றே ஒருவர் இருந்தார். அவருடைய பதவிக்கு எபிரேயத்தில் மஷ்கியா என்று பெயர். சமையலறையில் செஃப்புக்கும் மேலே அவர். ஒவ்வொரு முட்டையாகக் கண்ணாடிக் கிளாசில் உடைத்து இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். கீரையை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார். மிச்ச நேரம் தன் சின்ன அறையின் ஜன்னலுக்குள்ளால் எங்களைப் பார்த்தபடி நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமியார்கூட என்னை இப்படிக் காவல் காத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோழி சூப் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. பழகிய கை, லைற்றரை எடுத்துப் பற்றவைத்துவிட்டது. பிறகுதான் எனக்கு உறைத்தது. எண்பது பேருக்கான சூப். தெரிந்தால் முழுவதையும் கொட்டுவார்கள், என் வேலையும் போய்விடும்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெட்டை, அவளும் என்னைப்போல யாழ்ப்பாணம்தான், மெல்லச் சொன்னாள்:

“அக்கா, பேசாமல் விடுங்கோ. ஆர் கண்டது?”

“நான் கண்டனான் தானே.”

மேல்மாடிக் கிழவிகள் என்னை நம்பி வாய் திறக்கிறவர்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மஷ்கியாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

தான் கண்டதாகச் சொன்னார். தான் மூட்டிய நெருப்பிலேயே சூப் பாதிக்கு மேல் வெந்துவிட்டது, அதனால் குற்றமில்லை, கொட்டத் தேவையில்லை என்றார். பிறகு எதற்கு அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன். பயம் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் ஏப்ரன் நாடா நெருப்புக்குக் கிட்டத் தொங்கியது, அதைத்தான் பார்த்தேன் என்றார்.

தன் பதவிப் பெயரின் பொருளையும் அன்றைக்குத்தான் சொன்னார். இன்றைக்கு மஷ்கியா என்றால் கண்காணிப்பாளர். வேதம் படிக்கும் மாணவர்களின் நடத்தைக்குப் பொறுப்பானவரையும் அப்படித்தான் அழைப்பார்களாம். ஆனால் அவர்களுடைய பழைய வேதத்தில் அந்தச் சொல் வருவது, காதலியின் வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்க்கிற ஒருவனுக்கு. சொல்லிவிட்டு அந்த மனுசன் வெட்கப்பட்டு முட்டைகளை எண்ணத் தொடங்கினார். எனக்கு அவரை அன்றிலிருந்து பிடித்துப்போனது.

போன மாரியில் அவர் ஓய்வு பெற்றார். புதியவர் காலையில் வந்து அடுப்பை மூட்டிவிட்டுப் போய்விடுவார். மற்றதெல்லாம் கமெரா பார்க்கிறது. அந்த ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்கள்.

அடுப்புக்குக் கிட்டப் போகும்போது ஒருதரம் அந்தத் திரையைப் பார்ப்பேன். பிறகு என் நாடாவை நானே இறுக்கி முடிந்துகொள்வேன்.