வெள்ளைத் துணி கேட்கிறவள்

ஹேமலதாவுக்கு ரத்தத்தைக் கண்டால் பயம். பிரசவத்துக்குத் துணை போகிறவளுக்கு இப்படி ஒரு பயம். கொசப்பாளையத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் நம்புவதில்லை. "அவளுக்கு நெஞ்சு கல்லு" என்பார்கள். நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தறிக்குக் கொடுக்கிற வேலை. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தது. பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வாசலிலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். வேறு ஆள் இல்லாமல் ஹேமலதா உள்ளே போனாள். ஏழு மணி நேரம் இடுப்பை நீவினாள், நெற்றியைத் துடைத்தாள், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை அழுத பிறகு வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தாள். அது யாருக்கும் தெரியாது. ஏழு மணி நேரம் கையை விடாமல் நின்றாள் என்பதுதான் தெருவுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு வேலூரில் ஒரு பெண்கள் குழு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தது. இந்த வேலைக்கு டூலா என்று பெயர் இருப்பது அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெயர் ஊரில் ஒட்டவில்லை. துணைக்காரம்மா என்றே சொன்னார்கள். மருந்து கொடுக்கக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. கூட இருக்க வேண்டும், பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த மூன்றில் பார்ப்பதுதான் அவளுக்குக் கஷ்டம். பார்த்தது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை பார்ப்பாள்.

அதனாலேயே ஒரு கறார் வைத்திருந்தாள். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுப்பாள். பழைய வெள்ளைப் பருத்தித் துணி, கொதிக்க வைத்து வெயிலில் காயப்போட்டு மடித்தது. வெள்ளை மட்டும்தான். "எவ்ளோ போவுதுன்னு கண்ணுக்குத் தெரியணும். ஒரு மணி நேரத்துல ஒரு துணி முழுசா நனைஞ்சா ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம்தான் பேச்சு" என்பாள்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதை அவள் சொல்ல மாட்டாள்; தெரு சொல்லும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவளின் பாயோரம் மடித்து வைத்திருந்த துணியெல்லாம் செக்கச் செவேலென்று நனைந்திருந்ததைப் பார்த்து, வாய் குழறி, 108-ஐ வரவழைத்துவிட்டாள். வண்டி வந்து, ஸ்ட்ரெச்சர் இறங்கி, கூட்டம் கூடிய பிறகுதான் மேலே பார்த்தார்கள். கொடியில் அப்போதுதான் சாயம் ஏற்றிய பட்டு நூல் கற்றை தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டியது சாயம். "இன்னாம்மா, பேஷண்டை சாயப்பட்டறைக்கா எடுத்துகினு போவணும்?" என்று டிரைவர் கேட்க, தெருவே சிரித்தது. அன்றிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டில் அவளுக்குச் 'சாயம் ஹேமா' என்று பெயர்.

இந்தச் சித்திரையில் அவள் துணை நின்றது சங்கீதாவுக்கு. வயது இருபத்து நான்கு. பாவு பிணைக்கிறவள், தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும்போது அதன் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. வாய் பேசாது, விரல் சும்மா இருக்காது. களம்பூரில் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அஜித்குமாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்தாள். அம்மா ரேணுகாம்பாள். அப்பா தசரதன், முன்கட்டில் தறி போட்டிருப்பவர்.

ஏழாம் மாதத்திலேயே ஹேமலதா சங்கீதாவிடம் சொல்லி வைத்திருந்தாள். "உங்கம்மா புள்ளையப் பாப்பாங்க. நான் ஒருநாள் வுட்டு ஒருநாள் வருவேன். மத்த நேரமெல்லாம் உன் உடம்ப நீதான் பாத்துக்கணும். அது உன் டூட்டி."

"லீவு உண்டாக்கா?" என்றாள் சங்கீதா.

"உனக்குக் கெடையாது."

பிரசவம் நல்லபடியாகவே நடந்தது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த நாளில் ஹேமலதா வெள்ளை மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு முறை போய்ப் பார்த்தாள், குறையொன்றும் இல்லை. பிள்ளை பிறந்த எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு, வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, மறுபடி போனாள்.

பின்கட்டுக் கொடியில் அரக்கு நிறத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஏழோ எட்டோ இருக்கும். வெள்ளை ஒன்றுகூட இல்லை. ஹேமலதாவின் கால் அங்கேயே நின்றது.

"இன்னாக்கா, துணியெல்லாம் கலர் மாறியிருக்குது?"

ரேணுகாம்பாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அதுவா. முந்தாநேத்து நீ போனப்புறம் உன் வெள்ளைய பரண் மேல எடுத்து வெச்சிட்டேன். கோச்சுக்காத ஹேமா. தாலி ஏறின பொண்ணு, மொதப் புள்ள பெத்தவ, அவ இடுப்புல வெள்ளைத் துணியா? பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரியா ஆவுது. என் அரக்குப் பொடவ ஒண்ணு, பொங்கலுக்கு எடுத்தது, ரெண்டு தடவதான் கட்டினேன், கிழிச்சிட்டேன். மெத்துனு இருக்குது. கறையும் தெரியாது. ஆம்பள நடமாடுற வூடு பாரு."

கறையும் தெரியாது. ஹேமலதா நேராக அறைக்குள் போனாள்.

சங்கீதா சுவர் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. குழந்தை பக்கத்தில் தூங்கியது. இந்த வெயிலில் அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"தண்ணி தாக்கா" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது.

"காலைல ஒரு டம்ளர் குடுத்தேன்" என்றாள் வாசற்படியில் நின்ற ரேணுகாம்பாள். "பச்ச உடம்பு. கண்டபடி குடிச்சா வயிறு பெருத்துடும்."

ஹேமலதா சொம்பை எடுத்து முதலில் தண்ணீரைக் கொடுத்தாள். சங்கீதா மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு ஹேமலதா துணியைப் பார்த்தாள். தொட்டால் கனமாக இருந்தது, ஈரமாக இருந்தது. கண்ணுக்கு வெறும் கருஞ்சிவப்பு. விரலில் சிவப்பு ஒட்டியது.

எட்டாம் நாளில் போக்கு குறைந்து வெளிறியிருக்க வேண்டும். இப்படிப் புதுச் சிவப்பாக இருக்கக் கூடாது. ஆனால் இது எது?

"அது சாயம் போவுது ஹேமா. புதுப் பொடவைன்னு சொன்னேன்ல. இன்னும் நாலு அலசுக்கு வுட்டுகினுதான் இருக்கும். உனக்குத் தெரியாததா?" ரேணுகாம்பாள் சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "போன தபா மாதிரி வண்டிய வர வெச்சிடாத தாயே."

ஹேமலதா விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அறை முழுக்கப் பூண்டும் சாம்பிராணியும் பிள்ளைக்குப் பூசிய எண்ணெயும் மணத்துக்கொண்டிருந்தன. வேறு எதுவும் தெரியவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அவளைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தது. சாயமாக இருந்து வண்டியைக் கூப்பிட்டால், இனி இந்த ஊரில் எவளும் அவள் சொல்லை நம்ப மாட்டாள். நிஜமாக ஆபத்து வருகிற நாளிலும் சிரிப்பார்கள். ரத்தமாக இருந்து கூப்பிடாவிட்டால்? அந்த இடத்துக்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

அப்போது சங்கீதா மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே ஒரு முழம் கழிவுப் பட்டு நூல். அதில் முடிச்சுகள்.

"டூட்டின்னு சொன்னியே. துணி மாத்தும்போதெல்லாம் ஒரு முடிச்சு போட்டேன்" என்றாள். "இங்க வரைக்கும் நேத்து."

நேற்றைய இடத்தில் நான்கு முடிச்சுகள், விரலுக்கு விரல் இடைவெளி விட்டு. அதற்கப்புறம் நூல் மணிமாலை மாதிரி நெருங்கிக் கிடந்தது. ஹேமலதா எண்ணினாள். விடிந்ததிலிருந்து ஒன்பது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னேன்க்கா. அம்மா சாயம்னு சொல்லிச்சு."

"வேர்வைக்கு மாத்துறான்னு நெனச்சேன்" என்றாள் ரேணுகாம்பாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "சுத்தக்காரியாச்சே."

"அக்கா, வெள்ளையா ஏதாச்சும் ஒண்ணு குடுங்க. ஜல்தி" என்றாள் ஹேமலதா.

ரேணுகாம்பாள் பரணைப் பார்த்தாள். ஏணியை எதிர்வீட்டுக்காரர் வாங்கிப் போயிருந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். முன்கட்டில் தறிச் சத்தம் நின்றது. பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்காத தசரதன், கதவுத் திரைக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டினார். கையில் ஒரு வேட்டி. மடிப்புக் கலையாதது.

"அது பேர் வெக்கிற அன்னிக்குக் கட்டறதுக்கு எடுத்தது" என்றாள் ரேணுகாம்பாள், தன்னையறியாமல்.

"கிழி" என்றார் அவர்.

ஹேமலதா வேட்டியை நான்காகக் கிழித்து, ஒன்றை மடித்துச் சங்கீதாவுக்கு வைத்தாள். செல்போனில் மணி பார்த்தாள். குழந்தையை எழுப்பி மார்பில் போட்டாள். அடிவயிற்றைத் தொட்டாள். இந்நேரம் கீழே இறங்கிக் கெட்டியாகக் கையில் தட்டுப்பட வேண்டிய கருப்பை, தொப்புளுக்குக் கொஞ்சம் கீழேயே பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று கிடந்தது. வட்டமாக நீவத் தொடங்கினாள்.

நான்காவது நிமிடத்தில் வெள்ளை மாறிவிட்டது. மடிப்பு மடிப்பாக உள்ளிருந்து ஏறி வந்தது. புது வேட்டியில் சாயம் ஏது?

"அண்ணே, நான் நூத்தியெட்டுக்குப் பேசுறேன். நீங்க தெரு முனைல போய் நில்லுங்க. வண்டிக்கு வழி காட்டணும்."

வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பின்னால் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சங்கீதாவின் காலை உயர்த்தித் தலையணை வைத்ததும், வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. "தூங்கட்டாக்கா?" என்று அவள் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தூங்காத. பாவு பிணைக்கும்போது எண்ணுவியே, அந்த மாதிரி எண்ணு."

சங்கீதா எண்ணினாள். முப்பது வரை ஒழுங்காக வந்தது. பிறகு முப்பத்து நான்கை இரண்டு முறை சொன்னாள். பிறகு பன்னிரண்டு என்றாள். ஹேமலதா மற்றொரு கையால் அவள் கன்னத்தைத் தட்டினாள். "மொதல்லேர்ந்து எண்ணு" என்றாள். "மொதல்லேர்ந்து, சங்கீதா."

ஸ்ட்ரெச்சர் தெருவுக்கு வந்தபோது ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவன், "சாயம் ஹேமா மறுபடியும் கெளம்பிட்டாங்கப்பா" என்றான். சங்கீதாவின் முகத்தைப் பார்த்ததும் தன் ஆட்டோவைத் தள்ளி வண்டிக்கு வழிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. "எவ்ளோ போயிருக்கு?"

ஹேமலதா கையோடு கொண்டுவந்திருந்த நூலை நீட்டினாள். "முடிச்சுக்கு ஒரு துணி. விடிஞ்சதுலேர்ந்து ஒம்பது. இந்த வேட்டி நாலே நிமிஷத்துல" என்றாள். டாக்டரம்மா நூலை ஒருமுறை பார்த்தார், அடுத்த நொடி உள்ளே போய்விட்டார். கதவு மூடியது.

இந்த முறை துணைக்கு யாரையும் விடவில்லை. பதினோரு வருடத்தில் ஹேமலதா கதவுக்கு வெளியே இருந்தது இதுதான் முதல் முறை. உள்ளே இருப்பதைவிட இது மோசமாக இருந்தது. உள்ளேயாவது கைக்கு வேலை இருக்கும்.

ரேணுகாம்பாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தாள். "நானே என் பொண்ண வாரிக் குடுத்துட்டேனா ஹேமா?"

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று ஹேமலதாவுக்குத் தெரியும். அழுகிற வீட்டாரிடம் பேசப் பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கதவு மூடியிருந்தது. "தெரியலக்கா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

களம்பூரிலிருந்து அஜித்குமார் பைக்கில் வந்தான். தலைமுடி, புருவமெல்லாம் தவிட்டுத் தூசி. யாரிடமும் எதுவும் கேட்காமல் ரத்தம் கொடுக்கப் போய் நின்றான். தசரதன் மருத்துவமனை வாசலுக்கும் வராண்டாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. கதவு திறக்கும்போதெல்லாம் மற்ற மூவரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

நாலு மணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள். கருப்பை சுருங்கியிருக்கிறது, போக்கு நின்றிருக்கிறது, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்கக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றாள். "இன்னும் ஒரு மணி நேரம் வீட்டிலயே வெச்சிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவள், ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஹேமலதா எழுந்து குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சங்கீதாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்ததும் அவள் கேட்டது தண்ணீர். ரேணுகாம்பாள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையசைத்தாள். ரேணுகாம்பாள் பாட்டிலைத் திறந்து மகளின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. "இன்னும் குடி" என்றாள். "எவ்ளோ வேணுமோ குடி."

பிறகு பையிலிருந்து மீதி வேட்டியை எடுத்தாள். தானே மடித்து, தானே மாற்றினாள். ஹேமலதாவிடம் கை நீட்டி நூலை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"அடுத்தது எப்ப பாக்கணும்?"

"ஒரு மணி நேரங்கழிச்சு."

இருவரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய முள் ஒரு சுற்று வந்ததும் ரேணுகாம்பாள் போர்வையை விலக்கினாள். வேட்டித் துணியின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்புக் கறை. மற்ற இடமெல்லாம் வெள்ளை. நூல் புது முடிச்சு இல்லாமல் அவள் மடியில் கிடந்தது.

ஹேமலதா குனிந்து தானும் ஒருமுறை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் பார்த்தாள்.